ஏ.சி.எல். அறுவை முடிந்து 14 வாரம்: கால் மடங்குகிறது, நீள மறுக்கிறது

பேராவூரணி குட்டியானை (மே 5, இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்றே சொல்லிப் பழகிவிட்டது. ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

வயது 27. பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். குட்டியானை வண்டி வைத்துத் தேங்காய் ஏற்றுகிறேன். மாலையில் கபடி, ஊர் அணியில் ரைடு போகிறவன். காணும் பொங்கலன்று இரவு, பக்கத்து ஊர்ப் போட்டி. போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். இடது பாதம் மண்ணில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அதற்குள் இன்னொருவன் இடுப்பில் விழுந்தான். பச்சை மட்டையை முறிப்பது போல உள்ளே ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது என்று நினைத்திருந்தேன். தனக்கும் கேட்டதாக நடுவர் பிறகு சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி இளநீர்க்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முட்டிக்குள் தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் கட்டும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாக அறுந்திருக்கிறது என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் வீக்கம் வடியட்டும், கால் முதலில் நேராகட்டும், மூன்று வாரம் கழித்து வா என்றார். எனக்குத்தான் பொறுமை இல்லை. மாசி, பங்குனியில் லோடு அதிகம், வண்டிக்கு மாதத் தவணை ஓடுகிறது. உடனே செய்கிறோம் என்று சொன்ன வேறொரு தனியார் மருத்துவமனைக்குப் போய், அடிபட்ட 11ஆம் நாள் அறுவையை முடித்துக்கொண்டேன். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்து வைக்க மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு திருகு. முட்டியில் மூன்று சின்னத் துளை, அதற்குக் கீழே உள்பக்கமாக ஒரு விரல் நீளக் கீறல்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் நன்றாகத்தான் போனது. அம்மா இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை முட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். அப்படி வைத்தால் வலி தெரியாது, தூக்கம் வரும். ஆறு வாரம் அப்படித்தான் படுத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டார்கள். மருத்துவமனையிலும் அதையே அளந்தார்கள். 90 டிகிரி வந்தது, 110 வந்தது, பத்தாவது வாரம் 125. குலதெய்வக் கோயில் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமா அதை ஊர் முழுதும் சொல்லிவிட்டார்.

ஆனால் கால் நீளவில்லை. பாயில் மல்லாந்து படுத்தால் முட்டிக்கும் பாய்க்கும் நடுவே என் முஷ்டி நுழைகிறது. வலது காலுக்கு உள்ளங்கைகூட நுழையாது. அழுத்தி நீட்டினால் ஓரிடத்தில் "டக்" என்று முட்டி நின்றுவிடுகிறது, முன்பக்கம் வலிக்கிறது. நடந்தால் நொண்டல். தெருவில் பிள்ளைகள் என்னைப் போலவே நடந்து காட்டுகிறார்கள். முட்டிக்கு மேல் ஒரு சாண் தள்ளி டேப் வைத்து அளந்தால் வலது தொடை 52 செ.மீ., இடது 47.5. கீறலுக்கு வெளிப்பக்கம் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத் தோல் மரத்துக் கிடக்கிறது. கைலி உரசினால்கூடத் தெரிவதில்லை.

போன வாரம் மருத்துவமனைக்குப் போனேன். "பயிற்சி போதாது, இன்னும் அழுத்திச் செய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சத்தியமாகச் செய்கிறேன். அழுத்த அழுத்த வீங்குகிறதே தவிர நீளவில்லை.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரத்தில் எலும்பு கட்டுகிற ஒருவரிடம் மாமா கூட்டிக்கொண்டு போனார். எண்ணெய் போட்டு நீவி, குதிகாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். கண்ணில் பூச்சி பறந்தது. நான்கு நாள் வீக்கம். அதில் ஏதாவது அறுந்திருக்குமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

எனக்கு இருப்பது இடது காலில் கிளட்ச் மிதிக்கும் பிழைப்பு. இது இப்படியே நின்றுவிடுமா? நான் சோம்பேறியா, அல்லது உள்ளே ஏதாவது கோளாறா?

---

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் (மே 6, காலை 5.55)

தம்பி, 34 வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றவன் சொல்கிறேன். நீளாத முட்டியை நீட்ட ஒரு வழிதான் உண்டு. பெஞ்சில் குப்புறப் படு. முட்டி பெஞ்சின் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கணுக்காலில் ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றிக் கட்டித் தொங்கவிடு. முதல் நாள் ஐந்து நிமிடம், ஒரு வாரத்தில் அரை மணி. பல்லைக் கடித்துக்கொள். எங்கள் காலத்தில் பிசியோவும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பையன்கள் ஆடாமலா போனார்கள்?

---

மூட்டுக்காரி, மதுரை (மே 6, மதியம் 2.15)

தம்பி, செங்கல்லை எடுக்காதீர்கள். வாத்தியார் ஐயா என்னை மன்னிக்க வேண்டும், காரணம் கீழே சொல்கிறேன்.

முதல் வேலையாக அந்தத் தலையணையைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாமல் கொடுங்கள். வலிக்கிற பிள்ளைக்கு எந்த அம்மாவும் அதைத்தான் செய்வார். என் சிகிச்சை அறையில் வாரம் ஒரு முறையாவது ஒரு தலையணையைப் பறிமுதல் செய்கிறேன். வீங்கிய முட்டிக்குப் பாதி மடங்கிய நிலைதான் சுகம், உள்ளே நீர் தங்க அதில்தான் இடம் அதிகம். சுகமாக இருக்கிறதே என்று ஆறு வாரம் அப்படியே வைத்தால் பின்பக்கத் திசுக்கள் அந்த அளவிலேயே சுருங்கிவிடுகின்றன. தலையணை வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும்.

நான் பிசியோ, 17 ஆண்டுகளாக முட்டிகளோடுதான் என் பிழைப்பு. நம் ஊரில் முட்டி அறுவை செய்தவரைப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் உண்டு: சம்மணம் போட முடிகிறதா? தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற, கழிப்பறையில் குந்துகிற ஊரில் அது நியாயமான கேள்விதான். நீட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. மடக்கத்தில் பத்து டிகிரி குறைந்தால் ஒரு மணைப்பலகை போட்டுச் சமாளித்துவிடலாம். நீட்டத்தில் பத்து டிகிரி குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அது தெரியும். நேராக நிற்கும்போது முட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும், தொடைத் தசைக்கு ஓய்வு. வளைந்தே நின்றால் அந்தத் தசை சுமையை இறக்கவே முடியாது. முட்டிச்சில்லைத் தொடை எலும்போடு அழுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் முன்பக்க வலியில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

தொடை இளைத்ததற்காக உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டாம். மூட்டுக்குள் நீர் இருக்கும்வரை தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கும். நீங்கள் மனதால் எவ்வளவு உதைத்தாலும் தசைக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். வீக்கத்தோடு அவசரமாகச் செய்துகொண்ட அறுவையில் இது அதிகம். அந்த முதல் மருத்துவர் சொன்ன மூன்று வாரமும், கால் முதலில் நேராகட்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான். நடந்தது நடந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் கழிந்தும் நீளாத முட்டி வந்தால் நான் முதலில் இரண்டில் எது என்று பார்ப்பேன். ஒன்று, மூட்டு முழுதுமே தழும்பேறி இறுகிப்போவது. தொட்டால் சூடாக இருக்கும், முட்டிச்சில் ஆணி அடித்தது போல அசையாது, மடக்கமும் குறைந்திருக்கும். மருத்துவர்கள் ஆர்த்ரோஃபைப்ரோசிஸ் என்பார்கள். அதில் முரட்டுத்தனமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் புண்ணின்மேல் புண், தழும்பின்மேல் தழும்பு. மற்றொன்று, மடக்கமெல்லாம் நன்றாக வந்தும் கடைசிச் சில டிகிரியில் மட்டும் எதுவோ குறுக்கே நிற்பது. உங்கள் "டக்" சத்தம் எனக்கு இந்த இரண்டாவதைத்தான் நினைவூட்டுகிறது.

1990இல் ஜாக்சன், ஷேஃபர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு சைக்ளாப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக் கண் அரக்கன். புதிதாக வைத்த தசைநாரின் முன்புறத்தில் தழும்புத் திசு உருண்டு திரண்டு, மேலே சிவப்பு இரத்தக்குழாய்களோடு, கேமராவில் ஒரு கண் முறைப்பது போலத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். நான் திரையில் பார்த்திருக்கிறேன்; எனக்கு வெந்த கொண்டைக்கடலையாகத்தான் தெரிந்தது. காலை நீட்டும்போது தொடை எலும்புக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் நடுவே அது சிக்கிக்கொள்கிறது. கதவு நிலையில் கூழாங்கல் சிக்கியிருக்கும்போது கதவைத் தோளால் தள்ளினால் கீல்தான் கழலும். செங்கல் வேண்டாம் என்றது இதனால்தான்.

கெண்டைக்கால் எலும்பில் போட்ட துளை சற்று முன்னால் தள்ளி அமைந்துவிட்டாலும், புதுத் தசைநார் மேலே கூரை போல இருக்கும் தொடை எலும்பில் இடித்து இதே தொல்லை வரும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜவ்வு என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநாரும் ஜவ்வு, நடுவே மெத்தை போலக் கிடக்கும் பிறை வடிவ வட்டும் ஜவ்வு. அந்த வட்டு கிழிந்து மடிந்து சிக்கினாலும் கால் நீளாது. அந்த வட்டுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் மெனிஸ்கஸ். டிஸ்சார்ஜ் சீட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்து எழுதுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிச்சில் வரைக்கும் கட்டிலில் இருக்க, அதற்குக் கீழே இரண்டு காலையும் வெளியே தளர்வாக விடுங்கள். பாதிக்கப்பட்ட குதிகால் மேலே நிற்கும். இரண்டு குதிகாலுக்கும் உயர வித்தியாசம் எத்தனை செ.மீ. என்று வேறொருவர் அளக்கட்டும். தோராயமாக ஒரு செ.மீ.க்கு ஒரு டிகிரி. பிறகு காலைத் தளர்த்திவிட்டு முட்டிச்சில்லை இரு விரலால் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். புறங்கையால் இரண்டு முட்டியையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள்.

மரத்துப்போன இடத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். தசைநாண் எடுத்த கீறலில் தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை ஒன்று அறுபடுவது சகஜம். பரப்பு நாளடைவில் சுருங்கும். கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உள்ளே வைத்த நாண் முதலில் உயிரில்லாத கயிறு மாதிரி. உடம்பு அதற்குள் இரத்தக்குழாய் விட்டுப் புதிதாக நெய்துகொள்ள வேண்டும். நெய்வதற்குப் பழசைப் பிரிக்கிறதல்லவா, அதனால் 6 முதல் 12 வாரம்வரை அது மிகவும் பலமிழந்து கிடக்கும். வலி குறைந்து தைரியம் வருவதும் அதே வாரங்களில்தான். அந்த வாசலில் போய் நின்றுகொண்டு குதிகாலை இழுத்திருக்கிறார்கள். அறுந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. முட்டி நழுவுவதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை, அது நல்ல அடையாளம். மருத்துவர் கையால் சோதித்துச் சொல்லிவிடுவார்.

---

பேராவூரணி குட்டியானை (மே 7, இரவு 9.05)

அக்கா, அண்ணியின் தையல் டேப்பை வைத்து அளந்தோம். அண்ணன் ஒரு முறை, அண்ணி ஒரு முறை. இருவருக்கும் சண்டை வந்து மூன்றாவது முறையும் அளந்தார்கள். 9 செ.மீ. என்று முடிவானது. முட்டிச்சில் நன்றாக அசைகிறது, வலதைவிடக் கொஞ்சம் குறைவு. சூடு இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மெனிஸ்கஸ் இரண்டும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறதாம், மருந்துக்கடைத் தம்பி படித்துச் சொன்னான்.

நீட்டிக்கொண்டே போனால் கடைசியில் ரப்பரை இழுப்பது போல இல்லை, கல்லில் முட்டுவது போல நிற்கிறது. தலையணையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "என்னால்தான் கால் இப்படி ஆனதா" என்று அழுதார். இல்லை என்று சொன்னேன்.

---

கணக்கு டீச்சர், நாமக்கல் (மே 8, இரவு 8.30)

இந்தத் தம்பிக்குச் சூடு இல்லை என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. என் கதை வேறு. பிற்பாடு இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மணல் சிந்திக் கிடந்த வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து எனக்கு ஏ.சி.எல். அறுந்தது. வயது அப்போது 38. அறுவை நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள், புண் காய்ந்திருந்தது. 13ஆம் நாள் மாலையில் குளிர் எடுத்தது. முட்டி மறுபடியும் வீங்கி, துணி பட்டாலே வலித்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தால், அறுவை செய்த கால் வீங்கத்தான் செய்யும், பாரசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போட்டேன். அடுத்த நாளும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வடித்த கஞ்சி போலக் கலங்கலாக வந்தது. அன்று இரவே முட்டியைத் திறந்து கழுவினார்கள், நான்கு நாள் கழித்து மறுபடியும் கழுவினார்கள். ஆறு வாரம் ஆன்டிபயாடிக். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் போனது. வைத்த தசைநாரை எடுத்துவிட நேருமோ என்று பயமுறுத்தினார்கள், எடுக்காமலே தப்பியது. மூட்டுக்குள் இப்படித் தொற்று நூறு பேரில் ஒருவருக்குக்கூட வராது என்று பிறகு சொன்னார்கள். நான் கணக்கு டீச்சர், விகிதம் எனக்குத் தெரியும். வந்தவருக்கு அது முழுதாகத்தான் வருகிறது.

என் முட்டியும் இன்று முழுதாக நீளாது, நான்கு டிகிரி பாக்கி. கரும்பலகை முன் ஐந்து பீரியட் நிற்கும் நாளில் மட்டும் ஞாபகப்படுத்தும்.

ஒரு சந்தேகம், பிசியோ மேடம். அறுவையே இல்லாமல் நான் இருந்திருக்கலாமோ? விளையாடுகிறவள் இல்லையே நான்.

---

மூட்டுக்காரி, மதுரை (மே 9, காலை 11.20)

டீச்சர், நீங்கள் எழுதியதற்கு நன்றி. அறுவைக்குப் பின் முதல் நான்கு வாரத்தில் காய்ச்சலும் புது வீக்கமும் சேர்ந்து வந்தால் போனில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை, அன்றே போய் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். கெண்டைச்சதை திடீரென்று கல் போல வீங்கி வலித்தாலும் அன்றே போக வேண்டும், இரத்தம் உறைந்திருக்கலாம். இப்போது பல இடங்களில் தசைநாணை உள்ளே வைக்கும் முன் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தில் நனைத்த துணியில் சுற்றி வைக்கிறார்கள். அதன்பிறகு தொற்று நன்றாகக் குறைந்திருக்கிறது.

உங்கள் சந்தேகம் நியாயமானது. 2010இல் சுவீடனில் இளவயதுக்காரர்கள் 121 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே அறுவை, மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பயிற்சிப் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. ஆனால் முட்டி அடிக்கடி நழுவுகிறவர்கள் அறுவை இல்லாமல் தள்ளிப்போட்டால் வட்டும் கிழியும். உங்களுக்கு நழுவியதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கடந்துபோனதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

குட்டியானைத் தம்பிக்கு: சூடு இல்லை, சில் அசைகிறது, மடக்கம் 125, நீட்டம் மட்டும் 9 டிகிரி குறைவு, கல்லில் முட்டுவது போல நிற்கிறது. இணையத்தில் உட்கார்ந்து நான் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் இது "இன்னும் அழுத்து" என்று அனுப்பிவிடும் முட்டி இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். மறுபடியும் ஒரு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அறுவைக் குறிப்பின் நகலும் பழைய ஸ்கேன் படமும் எடுத்துக்கொண்டு, மூட்டு நுண்துளை அறுவையே தொழிலாகச் செய்யும் வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே போனதும் "கால் நீளவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "குப்புறப் படுத்தால் குதிகால் 9 செ.மீ. மேலே நிற்கிறது" என்று சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அதுவரை குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, பத்து நிமிடம், நாளைக்கு ஐந்தாறு முறை. எடை வேண்டாம். வீங்கினால் நிறுத்திவிடுங்கள்.

---

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் (மே 9, மாலை 6.10)

என் கையால் மூன்று பையன்களுக்குச் செங்கல் கட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்குச் சரியானது. மூன்றாவது பையன் நல்ல உயரத் தாண்டல்காரன். கட்டக் கட்ட வீங்கியது. அவன் பயந்தாங்கொள்ளி என்று நான் வைதேன். இப்போது எங்கள் தெரு ரேஷன் கடையில்தான் வேலை பார்க்கிறான். இன்றைக்கும் காலை ஒரு தினுசாக வைத்துத்தான் நிற்கிறான். சர்க்கரை வாங்கப் போகும்போதெல்லாம் "சார், உட்காருங்கள்" என்று நாற்காலி போடுகிறான்.

அம்மணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். தம்பி, செங்கல் வேண்டாம்.

---

பேராவூரணி குட்டியானை (ஜூன் 21, இரவு 9.50)

தாமதத்துக்கு மன்னியுங்கள். அக்கா சொன்னபடி வேறொரு மருத்துவரிடம் போனேன். 9 செ.மீ. என்று சொன்னேன். உண்மையிலேயே நிமிர்ந்து பார்த்தார். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி அவரும் அளந்தார், 8.5 என்றார். அண்ணனிடம் சொன்னபோது அந்த அரை செ.மீ.க்கு அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முட்டியைக் கையால் முன்னே இழுத்துப் பார்த்துவிட்டுத் தசைநார் உறுதியாக இருக்கிறது என்றார். ஐந்தாவது வாரத்துப் பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

எம்.ஆர்.ஐ.யில் தசைநாருக்கு முன்னால் ஓர் உருண்டை தெரிந்தது. துளைகள் சரியான இடத்தில்தான் இருக்கின்றனவாம். மே 29 அன்று மறுபடியும் துளை போட்டு எடுத்தார்கள். முதுகில்தான் ஊசி, நான் விழித்திருந்தேன். திரையைப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். வெள்ளையாக, மேலே சிவப்புக் கோடுகளோடு, ஒரு சுண்டைக்காய் அளவு. அக்கா கொண்டைக்கடலை என்றார், சுண்டைக்காய்தான் அது. சின்னக் கொறடு மாதிரி ஒரு கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் மருத்துவர் என் குதிகாலைத் தூக்கிப் பிடித்தார். முட்டி தானாகத் தாழ்ந்து மேசையைத் தொட்டது. திரையில் கால் நேராக இருப்பதை என் கால் என்றே நம்ப முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லையே.

அன்று மாலையே நீட்டும் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். இப்போது வித்தியாசம் ஒன்றரை செ.மீ. பாயில் படுத்தால் முஷ்டி நுழையவில்லை. அம்மா தினமும் இரவில் வந்து தன் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார். தொடை 49க்கு வந்திருக்கிறது.

இரண்டாவது செலவுக்காக வண்டியின் இரண்டு மாதத் தவணை நின்றுபோனது. அதற்காகத்தான் கேட்கிறேன் அக்கா: எப்போது கிளட்ச் மிதிக்கலாம்? கபடிக்கு எப்போது?

---

மூட்டுக்காரி, மதுரை (ஜூன் 22, மதியம் 1.40)

சுண்டைக்காய் என்றே வைத்துக்கொள்வோம்.

கிளட்ச்சுக்குத் தேதி கிடையாது, மருத்துவர் சம்மதிக்க வேண்டும். நான் என் ஆட்களுக்கு வைக்கும் சோதனை இது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை மட்டும் ஊன்றி, கை பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். பிறகு நிற்கும் வண்டியில் இன்ஜினை அணைத்துவிட்டு 50 முறை கிளட்ச் மிதியுங்கள். மறுநாள் காலையில் முட்டி வீங்கவில்லை என்றால் உள்ளூருக்குள் ஓட்டிப் பாருங்கள். ஆனால் காய் மூட்டையைத் தூக்குவது வேறொருவர் வேலை.

கபடிக்குக் கணக்கு முதல் அறுவை நடந்த ஜனவரி 27இலிருந்துதான். ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கினால் மறுபடியும் அறுபடும் வாய்ப்பு பெரிதாகக் கூடுகிறது. 2016இல் வெளிவந்த நார்வே ஆய்வில், ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அப்படிப் பார்த்தாலும் அக்டோபர் இறுதி. அதுவும் இடது தொடையின் பலம் வலதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது எட்டிய பிறகுதான். 49ஐ வைத்துக்கொண்டு என்னிடம் பொங்கல் போட்டியைப் பற்றிப் பேசாதீர்கள். 51 வந்ததும் எழுதுங்கள்.